அலாஸ்காவுக்குப் போக நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. டிஸ்கவரி சேனலில் 'டெட்லியஸ்ட் கேட்ச்' தொடர் பார்த்த சூட்டோடு எழுதியிருக்கிறீர்கள். அலாஸ்காவை ஒட்டிய பேரிங் கடலில், உறைபனிக் காலத்தில் நண்டு பிடிக்கப் போகும் படகுகளைப் பற்றி 2005-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற தொடர் அது. "வெம்பக்கோட்டையில் பட்டாசு மருந்து ரூமில் உட்கார்ந்தாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அங்கே போய் உயிரைப் பணயம் வைத்தால் காசாவது மிஞ்சுமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா பட்டாசு ஆலைக்குப் போய்ச் சம்பாதித்த காசில் பாலிடெக்னிக் படித்த பிள்ளை கேட்கிற கேள்வி. உங்களுக்கு மட்டும் பதில் போட்டு முடிக்க மனம் வரவில்லை. அதனால் நாலு பேர் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த நண்டைப் பார்ப்போம். டச்சு ஹார்பர் என்ற துறைமுகத்திலிருந்து படகு கிளம்பும். மேல்தளம் முழுக்க இரும்புக் கூண்டுகள். ஒரு கூண்டே 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அதற்குள் இரை வைத்துக் கடலடியில் இறக்கி, பிறகு இயந்திரத்தால் தூக்குவார்கள். ஆடுகிற தளத்தில் அந்தக் கூண்டு ஒரு வீச்சு வீசினால் குறுக்கே நிற்கிறவன் கதி அவ்வளவுதான். அதைவிடப் பெரிய எதிரி பனி. காற்றில் தெறிக்கும் கடல்நீர் கம்பியிலும் கயிற்றிலும் கூண்டிலும் பட்ட இடத்திலேயே உறைந்துபோகும். அடுக்கடுக்காக ஏறி, மேல்பாரம் கூடிய வைக்கோல் வண்டி போலப் படகு சாயத் தொடங்கும். நடுராத்திரி என்றாலும் எல்லோரும் சுத்தியலும் கட்டையுமாக வந்து பனியை உடைத்துத் தள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்தால், உடம்பு முழுக்க மூடும் காப்புடை இல்லாதவனுக்குச் சில நிமிடத்தில் கைவிரல் மடங்காது. கயிற்றை வீசினாலும் பிடிக்க முடியாது.

கூலியும் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், இரை, சாப்பாடு எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதில் ஆளுக்கு இத்தனை பங்கு. புதிதாகச் சேர்ந்தவனுக்கு அதிலும் குறைவு. நல்ல பருவம் என்றால் சில வாரத்தில் ஒரு வருஷத்துக்கான பணத்தோடு கரையேறலாம். நண்டு சிக்கவில்லை என்றால் கைச்செலவுக்கும் திண்டாட்டம்தான். சிக்காத காலமும் வந்தது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானதில் பனிநண்டுகள் கோடிக்கணக்கில் பட்டினியால் செத்தன என்று ஆராய்ந்து சொன்னார்கள். 2022 அக்டோபரில் வரலாற்றிலேயே முதல்முறையாகப் பனிநண்டு பிடிப்பை அலாஸ்கா அரசு நிறுத்தியது. கடனுக்குப் படகு வாங்கியவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது அந்தப் படகுகளில் சாவு குறைந்த கதையை. 2005 வரை மொத்தக் கடலுக்கும் சேர்த்து ஒரே அளவுதான் வைத்திருந்தார்கள். இத்தனை எடை நண்டு பிடித்தாயிற்று என்றால் பருவம் முடிந்தது. ஆக, முந்துகிறவனுக்கே லாபம். சில வருஷம் சிவப்பு ராஜநண்டுப் பருவம் மூன்று நாலு நாளில் முடிந்திருக்கிறது. அந்த நாலு நாளில் புயல் அடித்தால் எவன் கரையில் நிற்பான்? தூங்காமல் கொள்ளாமல், கூண்டுகளை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு ஓடினார்கள், கவிழ்ந்தார்கள். 2005-இல் படகுக்குப் படகு பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். உன் பங்கை அவசரமில்லாமல் பிடித்துக்கொள், புயல் என்றால் காத்திரு. அதற்கும் முன்பே, 1999-இலிருந்து, பருவம் தொடங்குமுன் அமெரிக்கக் கடலோரக் காவல்படை துறைமுகத்துக்கே வந்துவிடும். எத்தனை கூண்டு ஏற்றலாம் என்று படகுக்கு ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. அதை வைத்துத் தளத்தில் இருப்பதைச் சரிபார்ப்பார்கள். கூடுதல் என்றால் இறக்கிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்துதான் சாவு வெகுவாகக் குறைந்தது. அதற்கு ஒரு விலையும் கொடுத்தார்கள். பங்குகள் ஒன்றாகச் சேர்ந்து படகுகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. பலருக்கு வேலை போயிற்று. ஆபத்து முழுக்க ஒழிந்துவிடவும் இல்லை. 2017 பிப்ரவரியில் 'டெஸ்டினேஷன்' என்ற படகு ஆறு பேரோடு மூழ்கியது. விசாரணையில், பனி ஏறியதோடு, புத்தகத்தில் எழுதியிருந்த எடையைவிடக் கூண்டுகளின் உண்மையான எடை கூடுதல் என்று தெரிந்தது.

தாளில் ஒரு கணக்கு, தளத்தில் ஒரு கணக்கு. தம்பி, இதை நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பட்டாசு ஆலையில் விதிப்படி ஒரு ரூமில் நாலு பேர்தான். எதிரெதிரே வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், தரையில் ரப்பர் விரிப்பு, இரும்புச் சாமான் கூடாது, நைலான் சேலை கூடாது. உள்ளே நுழையுமுன் உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும். மிஞ்சியதை மறுநாளைக்கு வைத்தால் ஈரம்பட்டுத் தானாகச் சூடேறும். இத்தனையும் தெரிந்தவர்கள்தான் நம் ஆட்கள். அலுமினியப் பவுடர் அப்பி வெள்ளி பூசினாற்போல மின்னும் கையோடு பஸ் ஏறும் பெண்களுக்கு எந்த மருந்து எதோடு உரசக் கூடாது என்பது மனப்பாடம். பிறகு ஏன் வெடிக்கிறது? உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், ரூம்களை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் வேறு பலர். குத்தகைக்காரருக்குத் தீபாவளிக்குள் போட்ட காசை எடுக்க வேண்டும். ஆட்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. நாலு பேர் ரூமில் பத்துப் பேர், இடம் போதாமல் மரத்தடியிலும் வேலை. 2005-க்கு முந்தைய பேரிங் கடல் ஓட்டம் இங்கே ஒவ்வொரு ரூமுக்குள்ளும் நடக்கிறது.

வெடிவிபத்துகளில் செத்தவர்கள் கணக்கைப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறக்குறைய 40 பேர். உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடி வந்தவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12, நம் அச்சங்குளம்: 20 பேருக்கு மேல். உள்குத்தகை விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2024 பிப்ரவரி 17, ராமுதேவன்பட்டி: 10 பேர். பிறகும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் நிவாரணத் தொகை அறிவிப்பார்கள், உரிமத்தை ரத்து செய்வார்கள், ஆய்வுக் குழு போடுவார்கள். குழு வருகிறது என்றால் பல ஆலைகளைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கூலி இழப்பது உங்கள் அம்மா மாதிரியான ஆட்கள்தான். பலியானவர்களின் பிள்ளைகள் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகர் வந்த முதல்வர் அறிவித்தார். நல்ல காரியம்தான். ஆனால் அது செத்த பிறகு நடக்கிற காரியம்.

பட்டாசே வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. வானம் பார்த்த கரிசல் பூமியில் கம்பும் பருத்தியும் கைவிட்ட வருஷங்களில் இந்தத் தொழில்தான் அடுப்பெரிய வைத்தது. சனிக்கிழமைச் சம்பளத்தில் பெண்கள் சீட்டுக் கட்டினார்கள், நகை எடுத்தார்கள், உங்களைப் போன்றவர்களைப் படிக்க வைத்தார்கள். நான் கேட்பதெல்லாம், துறைமுகத்தில் கூண்டை எண்ணுகிற அந்த ஆள் நம் ஆலை வாசலிலும் நிற்க வேண்டும் என்பதுதான். வெடித்த பிறகு வருகிற குழுவால் பிரயோசனமில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் காலை வேளையில், மருந்து கலக்குமுன், ஆள் எண்ணிக்கையைப் பார்த்து, கூடுதல் என்றால் அங்கேயே நிறுத்துகிறவர் வேண்டும். நிறுத்திய நாளுக்கான கூலியை உரிமம் வைத்திருப்பவர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தத் தொழிலாளியும் உண்மை சொல்ல மாட்டார்.



உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் இது. அமெரிக்க மீன்பிடிப் படகில் வேலை செய்ய வெளிநாட்டவருக்கு அனுமதி லேசில் கிடைக்காது. அலாஸ்காவுக்கு அனுப்புகிறேன் என்று எந்த ஏஜெண்டாவது முன்பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டிப்ளமோ கையில் இருக்கிறது, அதை வைத்து வேலை தேடுங்கள். அதற்கு முன்னால், இன்று ராத்திரி அம்மா வீட்டுக்கு வந்ததும், ரூமில் இன்றைக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். நாலுக்கு மேல் என்று சொன்னால், ஊர், பெயர் எதுவும் வேண்டாம், அந்த எண்ணை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
வெம்பக்கோட்டையிலிருந்து உங்கள் அண்ணன்