பல்பைக் குற்றம் சொல்லாதே

அன்புள்ள கயல்,

தாத்தாவின் அம்பாசிடரைக் காரைக்குடியிலேயே துருப்பிடிக்க விடாமல் எடுத்து வந்து ஓட்டுகிறாயே, அதற்கே உன்னை மெச்ச வேண்டும். இடப்பக்க ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, புது பல்பு போட்டும் அப்படியே இருக்கிறது, கடைக்காரர் ஒயரிங்கை மொத்தமாக மாற்றிவிடலாம் என்கிறார், இதுதானே சங்கதி? மாற்ற வேண்டியும் வரலாம். ஆனால் கோளாறு எந்த இடத்தில் என்று காட்டாமல் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுத்துவிடாதே. ஒரு மல்டிமீட்டரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நீயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒரு கணக்கு. நீ போட்டிருப்பது 60/55 வாட் ஹெச்4 பல்பு. டிம்மில் 55 வாட். 12 வோல்ட்டில் அது சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து ஒன்பதுக்கு மேல். இடது விளக்கின் வழியில் எங்கோ ஒரு மூட்டில் களிம்பு ஏறி 0.4 ஓம் தடை வந்துவிட்டது என்று வை. கண்ணுக்கே தெரியாத தடை அது. ஆனால் 4.6 ஆம்பியர் அதைக் கடக்கும்போது 1.8 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சமும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நினைக்காதே. இழை பல்பில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். புது பல்பு போட்டும் பலன் இல்லாமல் போனது இதனால்தான். அதற்குச் சாப்பாடே போய்ச் சேரவில்லை.

எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் அடுத்தது. பல்பின் கப்ளரைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்துப் பார்த்து, "12 வோல்ட் வருதே, கரண்ட் சரியாத்தான் இருக்கு" என்பார்கள். அந்த அளவீட்டுக்கு மதிப்பே கிடையாது. மீட்டர் கரண்டை இழுப்பதில்லை. ஒயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12 என்றுதான் காட்டும். இற்றுப்போன கயிறுகூட வாளியைக் கட்டாதவரை நல்ல கயிறுதான். ஆகவே பல்பு மாட்டியபடி இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், அந்த நிலையில்தான் அளக்க வேண்டும். கப்ளரின் பின்பக்கமாக, ஒயரோடு ஒட்டினாற்போல மீட்டரின் ஊசியை நுழைத்தால் உலோகத்தைத் தொடும்.

எர்த்திலிருந்து தொடங்கு. நீ அனுப்பிய போட்டோவில் பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் பாடிக்குப் போகிறது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வை. கறுப்பு ஊசி பேட்டரி நெகட்டிவில், சிவப்பு ஊசி இடது பல்பின் கறுப்பு ஒயர் முனையில். ஒயர் எட்டாவிட்டால் ஒரு துண்டு சேர்த்து நீட்டிக்கொள். டிம்மைப் போட்டதும் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்ல எர்த். ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் என்று காட்டினால் ஆள் அகப்பட்டான். சந்தேகம் தீர, பல்பின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு ஒயரைத் தொட்டுப் பார். விளக்கு பளிச்சென்று ஆனால் அதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

எனக்கு எர்த் மேல்தான் சந்தேகம். போன வருடம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தார்கள் அல்லவா? மட்கார்டுக்கு உள்ளே எர்த் ஒயர் வந்து போல்ட்டில் முடுக்கியிருக்கும் இடத்தைப் பார். பெரும்பாலும் பெயிண்டர் அதைக் கழற்றி, அடித்து, காய்ந்த பெயிண்ட் மேலேயே திரும்ப முடுக்கியிருப்பார். போல்ட்டைக் கழற்றி, ஐம்பது பைசா அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து இரும்பின் பளபளப்பைக் கொண்டு வா. ஒயர் நுனியிலிருக்கும் வளையத்தையும் தேய். பல் வாஷர் வைத்து இறுக்கு. இறுக்கிய பிறகு மேலே கொஞ்சம் வாஸலின் தடவு, மழைத் தண்ணீர் போகாது.

மீட்டர் இல்லாமலே எர்த் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. டிம்மில் ஓட்டும்போதே டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு மினுக்கினால், ஒரு பக்க எர்த் விட்டுப்போயிருக்கிறது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அந்தப் பல்பின் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கிப் போய், மறுபக்க விளக்கின் எர்த்தையும் இந்த நீல விளக்கின் எர்த்தையும் பிடிக்கிறது. தினமும் வண்டி வேலை பார்க்கிறவர்கள்கூட இதை நீல விளக்கின் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள்.

எர்த் சரியென்றால் வருகிற வழியைப் பார். ஒரு ஊசி பேட்டரி பாசிட்டிவில், இன்னொன்று பல்பின் டிம் முனையில், விளக்கு எரிகிறபோது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், பல்பு முனையில் இருக்கும் ஊசியை ஒவ்வொரு மூட்டாகப் பேட்டரி பக்கம் நகர்த்திக்கொண்டே வா. எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, அங்கேதான் கோளாறு. ஒயர் நிறங்கள் உதவும்: அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழி வந்த வண்டி, அதில் இருப்பது லூகாஸ்-டிவிஎஸ்ஸின் பெயரில் இருக்கிற அதே லூகாஸின் நிற முறைதான். டிம் ஸ்விட்ச்சுக்கு வருவது நீலம், அங்கிருந்து பிரைட்டுக்கு நீலம்-வெள்ளை, டிம்முக்கு நீலம்-சிவப்பு. ஆனால் இத்தனை வருடத்தில் எத்தனை கைகள் பட்டிருக்கும்! நிறத்தை நம்பு, மீட்டரை அதைவிட அதிகமாக நம்பு.

கிளட்ச் பெடல் பக்கத்தில் தரையில் காலால் மிதிக்கிற டிம் ஸ்விட்ச் இருக்கிறதே, அதையும் கவனமாகப் பார், இரண்டு விளக்கின் கரண்டும் அதன் வழியாகத்தான் போகிறது. செருப்பு மண், மழைத் தண்ணீர் எல்லாம் அதற்குள் இறங்கும். 1.8 வோல்ட் ஒன்பது ஆம்பியரில் கரைந்தால் 16 வாட் சூடு. பத்து நிமிடம் விளக்கு எரியவிட்டு ஸ்விட்ச்சையும் கப்ளர்களையும் தொட்டுப் பார். சுடுகிற இடமும் பழுப்பேறிய பிளாஸ்டிக்கும் கதையைச் சொல்லிவிடும்.

இதையெல்லாம் முடித்த பிறகு ரிலே போடச் சொன்னால் போடலாம், நானும் அதற்குக் கட்சி. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மிமீ ஒயர், 87இலிருந்து விளக்குக்கு. பழைய ஸ்விட்ச் 85, 86 முனைகளை மட்டும் இயக்கினால் போதும், அதன் வழியாக அற்ப கரண்ட்தான் போகும். பேட்டரியை ஒட்டியே பியூஸ் இருக்கட்டும். விளக்குக்கு ஒன்றாகத் தனித்தனி 10 ஆம்பியர் பியூஸ் போடச் சொல். ஒரே பியூஸ் போட்டு, அது போனால் நெடுஞ்சாலையில் இரண்டு கண்ணும் போய்விடும். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பை யாராவது நீட்டினால் வாங்காதே. ரிலே இல்லாவிட்டால் பழைய ஸ்விட்ச் தாங்காது, ரிலே இருந்தாலும் எதிரே வருகிறவனுக்குக் கண் தெரியாது.

இரண்டு விளக்கும் சேர்ந்து மங்கி, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பளிச்சென்று ஆனால் அது சார்ஜிங் விஷயம், இந்தக் கடிதத்தில் அடங்காது. பல்பு அடிக்கடி பியூஸ் போனால் மட்டும் இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பார். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

எதையாவது கழற்றுகிறபோது பேட்டரி நெகட்டிவை முதலில் எடு. பாசிட்டிவில் ஸ்பானர் வைத்துத் தவறிப்போய் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதே. தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டு.

எர்த் பக்கம் எத்தனை வோல்ட், வருகிற வழியில் எத்தனை வோல்ட், இரண்டு பக்க விளக்குக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பு. இன்ஜின் ஓடினதா இல்லையா என்றும் குறித்துவிடு. அதைப் பார்த்துவிட்டு ஒயரிங் விலையைப் பற்றிக் கடைக்காரரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா