பேட்டரிச் சோதனைச் சீட்டைப் படிப்பது எப்படி?

வாகனக் கடன் பெற்றுக் கார் வாங்கும் நாம், மாதத் தவணையையும் ஆண்டுக் காப்பீட்டையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடுகிறோம். சில ஆண்டுகளில் வரும் பேட்டரிச் செலவை மட்டும் மறந்துவிடுகிறோம். சர்வீஸ் நிலையத்தில் ஒரு சிறு கருவியைப் பொருத்திச் சோதித்து, அச்சிட்ட சீட்டொன்றைத் தருகிறார்கள். அதில் ‘ரீப்ளேஸ்’ என்றிருந்தால், மறுகேள்வியின்றிச் சில ஆயிரம் ரூபாய் செலவிட்டுப் புதியதை வாங்குவோர் பலர். அச்சீட்டின் எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதை இங்குக் காண்போம்.

குடமும் நீரும்

பெட்ரோல், டீசல் கார்களில் வழக்கமாக இருப்பது ஆறு செல்கள் கொண்ட 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி. சோதனைச் சீட்டில் பெரும்பாலும் இரண்டு விழுக்காடுகள் இருக்கும். எஸ்.ஓ.சி. என்பது சார்ஜ் அளவு, எஸ்.ஓ.எச். என்பது பேட்டரியின் நலம். குடத்தில் இப்பொழுது எவ்வளவு நீர் இருக்கிறது என்பது முதலாவது. குடம் ஓட்டையின்றி இருக்கிறதா என்பது இரண்டாவது. நீர் குறைந்த நல்ல குடத்தை நாம் வீசிவிடுவதில்லை. பேட்டரியிலும் அவ்வாறே முடிவெடுக்க வேண்டும்.

வோல்ட் அளவு

எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்கையில் 12.6 வோல்ட் அல்லது அதற்குமேல் இருந்தால் முழு சார்ஜ் உள்ளது. 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. ஓடி நின்ற காரில் உடனே அளந்தால் எண் உயர்ந்தே தெரியும். முகப்பு விளக்கை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தபின் அளப்பது அப்பிழையைக் குறைக்கும்.

இந்த எண் சார்ஜை மட்டுமே காட்டுகிறது. 12.6 வோல்ட் காட்டும் பழைய பேட்டரியும் ஸ்டார்ட்டர் இழுக்கையில் தளர்ந்துவிடலாம். ஆனால் முழுமையாக சார்ஜ் செய்த பின்னும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால், ஒரு செல் செயலிழந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு செல்லும் தருவது ஏறத்தாழ 2.1 வோல்ட்.

சி.சி.ஏ. எண்

எஞ்சினைக் கிளப்பும் வலிமையைக் குறிப்பது சி.சி.ஏ. மைனஸ் 18 பாகை செல்சியஸ் குளிரில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 வினாடி தரக்கூடிய ஆம்பியர் அளவே அது. பேட்டரியின் மேல் அச்சிட்டுள்ள எண்ணோடு சீட்டிலுள்ள எண்ணை ஒப்பிட வேண்டும். எஸ்.ஏ.இ., இ.என்., டி.ஐ.என். எனத் தரமுறைகள் பல உள்ளமையால், ஒரே பேட்டரிக்கு வெவ்வேறு எண்கள் வரும். கருவியில் தரமுறையைத் தவறாகத் தேர்ந்தால் நல்ல பேட்டரியும் பழுதானதாகத் தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு

குறித்த சி.சி.ஏ. 350, அளந்தது 210, வோல்ட் 12.1; முடிவு ‘ரீப்ளேஸ்’ என்று ஒரு சீட்டு கூறுவதாக வைத்துக்கொள்வோம். வலிமை 60 விழுக்காடே என்பது கவலைக்குரியதாகத் தோன்றும். ஆனால் 12.1 வோல்ட் என்பது பாதிக்கும் குறைந்த சார்ஜ். அந்நிலையில் பெற்ற முடிவை இறுதியாகக் கொள்ளலாகாது. காற்றோட்டமுள்ள இடத்தில் முழுமையாக சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வளித்து, மீண்டும் சோதிக்கச் சொல்ல வேண்டும். 315 வந்தால் வலிமை 90 விழுக்காடு. பேட்டரி நலமாகவே உள்ளது. சார்ஜ் ஏன் குறைந்தது என்பதையே ஆராய வேண்டும். எஞ்சின் ஓடுகையில் பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். அவ்வாறில்லையேல் ஆல்டர்னேட்டரையும் வயர் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். மறுசோதனையிலும் 210 அளவிலேயே நின்றால், தயங்காமல் மாற்றிவிடுவதே நன்று.

கோடை செய்த கேடு

டெல்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகையைத் தொடுவதுண்டு. அவ்வெப்பத்தில் பேட்டரித் தகடுகள் விரைவாக அரிக்கின்றன, நீரும் வற்றுகிறது. எனினும் கோடையில் கார் கிளம்பிவிடும். ஜனவரி விடியலில் குளிரால் வேதிவினை மந்தமாகி, எஞ்சின் ஆயிலும் தடிக்கையில்தான் குறை வெளிப்படும். வாடகைக் கார் ஓட்டுநருக்கு அன்றைய வருவாய் போய்விடும். ஓடாத நாளுக்கும் தவணை உண்டு. ஆகவே வட இந்தியாவில் அக்டோபர், நவம்பரிலேயே சோதித்துக்கொள்வது தக்கது.

மாற்றும் முன்

டெர்மினல்களில் படிந்த உப்பைத் துடைத்தபின் சோதிக்கச் சொல்லுங்கள். வாரண்டி அட்டையில் வாங்கிய தேதியைப் பாருங்கள். காலவரம்புக்குள் இருந்தால் மாற்றித்தர வாய்ப்புண்டு. பழைய பேட்டரியிலுள்ள ஈயத்துக்கு மதிப்புண்டு என்பதால், அதற்கான கழிவுத் தொகையைக் கேட்டுப் பெறுங்கள். 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதனை வீட்டுக் குப்பையோடு சேர்த்தலும் கூடாது.

பழைய மின்சாரக் காரை வாங்குவோருக்கு இவ்வேறுபாடு இன்னும் முக்கியமானது. திரையில் தெரியும் 100 விழுக்காடு சார்ஜ் அளவு மட்டுமே. நலத்தைக் காட்டும் எஸ்.ஓ.எச். அறிக்கையையும், எஞ்சியுள்ள பேட்டரி வாரண்டி நமக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் பெற்ற பின்னரே விலை பேச வேண்டும்.

ஒவ்வொரு சோதனைச் சீட்டையும் ஆர்.சி., காப்பீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். அச்சு நாளடைவில் மங்கிவிடும். படியெடுத்து வைப்பது நலம். இரண்டு, மூன்று சீட்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அடுத்த செலவு எப்பொழுது வரும் என்பதை ஓரளவு கணித்து, அதற்கெனச் சிறுதொகையை இப்பொழுதே ஒதுக்கலாம்.