ஹெட்ஸர்: புகழும் உள்ளிருந்தவர்கள் பட்ட பாடும்

நம்பிக்கை: பழைய செக் டாங்கியின் மேல் ஒரு பெரிய பீரங்கியைத் தூக்கி வைத்தார்கள், அதுதான் ஹெட்ஸர்.

அப்படிச் செய்யப்பட்டது மார்டர் 3. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி களமிறக்கிய டாங்கி எதிர்ப்பு ஊர்தியான ஹெட்ஸர் வேறு. அந்தச் செக் டாங்கியான 38(டி)யின் எஞ்சின் வகையும் ஸ்பிரிங் பட்டை அமைப்பும் இதில் தொடர்ந்தன என்பது சரி. ஆனால் உடற்கூடு புதிது, அகலமும் கூடுதல், சக்கரங்களும் பெரியவை. 10 டன்னுக்கும் குறைவாக இருந்த டாங்கியின் வழியில் வந்த இந்த ஊர்தி 16 டன்னைத் தொட்டது.

நம்பிக்கை: டாங்கி வேட்டைக்காகவே நிதானமாகத் திட்டமிட்ட கச்சிதமான வடிவம்.

இதை ஏற்க முடியாது. 1943 நவம்பரில் பெர்லின் மீது விழுந்த குண்டுகள் அல்கெட் ஆலையைச் சிதைத்தன. ஸ்டுக் 3 பீரங்கி ஊர்திகள் பெருமளவில் அங்கேதான் உருவாகிவந்தன. அந்த வேலையை ஆக்கிரமிக்கப்பட்ட பிராகில் இருந்த பி.எம்.எம். ஆலை ஏற்குமா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 24 டன் எடையுள்ள ஊர்தியைக் கட்டும் வசதி அங்கே இல்லை. அந்த ஆலையால் எதைக் கட்ட முடியுமோ அதை வரையத் தொடங்கினார்கள். டிசம்பரில் வரைபடம், ஜனவரியில் மர மாதிரி, 1944 ஏப்ரலில் முதல் ஊர்திகள். ஹெட்ஸரின் நிறைகுறைகள் பெரும்பாலும் இந்த அவசரத்திலிருந்தும் இந்த எடை வரம்பிலிருந்தும் பிறந்தவையே.

நம்பிக்கை: சிறிய உருவம், வலுவான முகப்பு, நல்ல பீரங்கி, ஆகவே குறையில்லாத ஊர்தி.

முகப்பு உண்மையிலேயே வலுவானது. 60 மி.மீ. தகடு செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்திருந்ததால், நேரே வரும் குண்டு ஏறக்குறைய 120 மி.மீ. எஃகைத் துளைத்தாக வேண்டும். பக்கவாட்டிலோ வெறும் 20 மி.மீ. எடையை மிச்சம் பிடித்த இடம் அது.

உள்ளே நால்வர். ஓட்டுநர், குறிபார்ப்பவர், குண்டு நிரப்புபவர் மூவரும் இடப்பக்கம் ஒருவர் பின் ஒருவராக நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். வலப்பக்கமிருந்து குண்டு நிரப்புவதற்காக வடிவமைத்த 75 மி.மீ. பீரங்கி அது. நிரப்புபவரை இடப்பக்கம் உட்கார வைத்ததால், சுடுகிற ஒவ்வொரு முறையும் அவர் பீரங்கிக்குக் குறுக்கே கையை நீட்ட வேண்டியிருந்தது. தளபதி பின்னால் வலப்பக்கம் தனியே இருந்தார். மேல்மூடியைச் சாத்திவிட்டால் வலப்பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்க அநேகமாக வழியே இல்லை. போர்க்களத்தில் எதிரியை முதலில் கண்டவனுக்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், இதையே இந்த வடிவமைப்பின் மிகக் கொடிய குறை என்பேன்.

பீரங்கியை வலப்புறம் 11 பாகையும் இடப்புறம் 5 பாகையும் மட்டுமே திருப்பலாம். அதற்கு மேல் இலக்கு நகர்ந்தால் ஊர்தியையே திருப்ப வேண்டும். மெல்லிய பக்கத்தகடு எதிரிக்குத் தெரியும். போதாததற்கு முன்பாரம் தாங்காமல் மூக்குப் பக்கம் தாழ்ந்தது. பிறகு முன் ஸ்பிரிங்குகளை வலுவாக்கினார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில், இழுத்துச் செல்லும் பீரங்கியோடு திறந்தவெளியில் நின்ற காலாட்படைக்கு இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்கக் கூடாது. போர் முடிவதற்குள் பி.எம்.எம்., ஸ்கோடா ஆலைகள் இரண்டும் சேர்ந்து சுமார் 2,800 ஊர்திகளைக் கட்டின.

நம்பிக்கை: அருங்காட்சியகங்களில் நிற்பவை எல்லாம் போரில் ஓடியவை.

பல அப்படியல்ல. போருக்குப் பின் சுவிட்சர்லாந்து இதே வகையில் 158 ஊர்திகளை ஜி-13 என்ற பெயரில் வாங்கியது. இன்று ஹெட்ஸராகக் காட்சிக்கு நிற்பவற்றில் பல அவைதாம். அந்த ஜி-13இல் தளபதியும் குண்டு நிரப்புபவரும் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.