எந்தத் தவறைத் தாங்குவீர்கள்? குதிரையேற்றத்தில் துறை தேர்வோருக்கு

குதிரை ஏறப் பழகி ஏழெட்டு மாதம் ஆனதும் எல்லோருக்கும் அந்த நாள் வரும். ட்ராட் என்ற துள்ளுநடையில் குதிரையின் தாளத்துக்கு எழுந்து அமரப் பழகிவிட்டது. கேன்டர் என்ற மிதமான பாய்ச்சலில் பிடரியைப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. குனிந்து பார்க்காமலே கால் அங்கவடிக்குள் நுழைகிறது. அன்று பயிற்சியாளர் கேட்பார்: “டிரெஸ்ஸாஜ் பண்றீங்களா, ஜம்பிங் பண்றீங்களா?” பெரும்பாலோர் யோசிக்காமல் ஜம்பிங் என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

வயது, உடல்வாகு, கையிருப்பு ஆகியவற்றை வைத்துத் துறையைத் தேர்வு செய்யலாம் என்று பலர் சொல்வார்கள். அவற்றைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் லாயங்களில் நான் பார்த்தவரை ஒருவர் ஒரு துறையில் நிலைப்பதும் விலகுவதும் வேறொன்றால் முடிவாகிறது. ஒவ்வொரு துறையும் தவறுக்கு ஒவ்வொரு விதமாகக் கணக்கு வைக்கிறது. எந்த வகைத் தவறைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஆசையோடு லாயத்துக்குத் திரும்பி வருவீர்கள்? அந்தத் துறைதான் உங்களுடையது.

ஷோ ஜம்பிங்கின் கணக்கு மிகத் தெளிவானது. கம்பு விழுந்தால் 4 புள்ளி அபராதம். குதிரை தடை முன் நின்றுவிட்டால் இன்னொரு 4. சர்வதேச விதிப்படி இரண்டாம் முறை நின்றால் வெளியேற வேண்டியதுதான். நீங்கள் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஒலிம்பிக்கில் தடை 1.60 மீட்டரைத் தொடும். அங்கும் இதே கணக்குதான். முடிவு உடனே தெரிந்தாக வேண்டும், அடுத்தவர் அபிப்பிராயத்தை நம்பியிருக்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் கம்பு விழுந்த காரணம் பெரும்பாலும் தாவலில் இருக்காது, அதற்கு முன்பே நடந்திருக்கும். கேன்டரில் குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். இரண்டு தடைகளுக்கு நடுவே ஐந்து பாய்ச்சல் வர வேண்டிய இடத்தில் ஐந்தரை வந்தால் குதிரை தடைக்கு மிக அருகில் போய் நிற்கும், அல்லது தொலைவிலிருந்தே எம்பும். போட்டி தொடங்குமுன் வீரர்கள் பூட்ஸ் காலோடு களத்தில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தங்கள் நான்கு தப்படி குதிரைக்கு ஒரு பாய்ச்சல் என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். திட்டமெல்லாம் முன்கூட்டியே போட்டாலும், களத்துக்குள் போனால் ஒன்றரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். மூன்றாம் தடையில் விட்ட தவறை நினைத்துக்கொண்டே போனால் ஐந்தாம் தடையிலும் கம்பு விழும். நடந்ததை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த தடையைப் பார்க்கும் மனசு உள்ளவர்கள் ஜம்பிங்கில் வளர்வார்கள்.

சேருமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தரை இறங்கும் ஒவ்வொரு முறையும் முழு எடையும் முன்கால்களில் விழுவதால் குதிரையைத் தினமும் தாவ வைக்க முடியாது. நல்ல பயிற்சியாளர் வாரத்தில் ஓரிரு நாள்தான் உயரத் தடைகளைத் தாண்டவிடுவார். மற்ற நாட்களெல்லாம் வட்டம், வளைவு, நிறுத்தம், மறுபடி வட்டம். அந்த வட்டம் சலிக்கிறது என்பவருக்கு ஜம்பிங்கும் சலித்துவிடும்.

டிரெஸ்ஸாஜ் அந்த வட்டத்திலேயே வாழும் துறை. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலமுள்ள களம். ஓரங்களில் எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தருகே கேன்டர் தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே எழுதிவைத்தது. ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண், அரை மதிப்பெண்ணும் உண்டு. 6 வாங்கினால் திருப்திகரம், 8 வாங்கினால் நன்று. 10 எப்போதாவது விழும். பிரிட்டனின் ஷார்லட் டுஜார்டின் வலேக்ரோ என்ற குதிரையில் 2014இல் இசைக்கேற்ற ஆட்டத்தில் எடுத்த 94.3 விழுக்காடு உலக சாதனை. அதற்குமேல் இன்னும் 5.7 மிச்சம் இருந்தது.

இதுதான் இந்தத் துறையின் சுபாவம். இங்கே பெரும்பாலான தவறுகள் உங்களை வெளியே தள்ளுவதில்லை. ஆனால் எந்தத் தவறும் கண்ணிலிருந்து தப்புவதும் இல்லை. போட்டி முடிந்ததும் கையில் ஒரு தாள் தருவார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் எதிரே எண், சில இடங்களில் நடுவரின் இரண்டு மூன்று சொற்கள்: ‘வளைவு போதவில்லை’, ‘கை இறுக்கம்’, ‘தாளம் தவறியது’. அந்தத் தாளைப் பார்த்ததும் சிலருக்கு ஆத்திரம் வரும். சிலர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் எடுத்து எடுத்துப் படிப்பார்கள். நீங்கள் எந்த ரகம் என்பது முதல் தாளிலேயே தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குதிரை சும்மா நடப்பது போலத்தான் தெரியும். நம் பழைய அகராதிகள் குதிரை நடையை ஐந்து கதிகளாகப் பிரித்து, மயில் போல் நடந்தால் மயூரகதி என்றெல்லாம் பெயர் வைத்தன. நடையைக் கூர்ந்து பார்க்கும் அந்தக் கண்ணைத்தான் இந்தத் துறையும் கேட்கிறது. உடம்பில் குறையுள்ளவருக்கும் இங்கே இடம் உண்டு. டென்மார்க்கின் லிஸ் ஹார்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரைமேல் ஏறவும் இறங்கவும் பிறர் கை கொடுக்க வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், பெண்கள் ஆண்களோடு சமமாக டிரெஸ்ஸாஜில் இறங்க அனுமதி கிடைத்த முதல் முறையே, அவர் வெள்ளி வென்றார். வயதுக்கும் இடம் உண்டு. ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964 டோக்கியோவில் ஜம்பிங் வீரராக இறங்கியவர். 2012 லண்டனில் 71 வயதில் டிரெஸ்ஸாஜ் வீரராக மறுபடி ஒலிம்பிக் களத்தில் நின்றார். எனவே இன்று எடுக்கும் முடிவு ஆயுளுக்கும் கட்டிப்போடும் என்று பயப்பட வேண்டாம்.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் இந்தியாவுக்கு டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வாங்கித் தந்த பிறகு, பெற்றோர்கள் இந்தத் துறையின் பெயரைக் கேட்டே லாயத்துக்கு வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பல ஆண்டு பயின்றவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மெதுவான துறை என்பதால் டிரெஸ்ஸாஜ் குதிரைக்கு இதமானது என்று நினைத்துவிட வேண்டாம். மேலே சொன்ன டுஜார்டினே, பயிற்சியில் ஒரு குதிரையின் காலில் திரும்பத் திரும்பச் சவுக்கால் அடிக்கும் காணொளி வெளிவந்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலகி ஓராண்டுத் தடை பெற்றார். எந்தத் துறைக்குப் போனாலும், பணம் கட்டுமுன் அந்த லாயத்தில் அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை காதுகளைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருகிறதா? வாயோரம் புண் இருக்கிறதா? விலாவில் குதிமுள் குத்திய தடம் இருக்கிறதா? இருந்தால் வேறு லாயம் பாருங்கள்.

டிரெஸ்ஸாஜும் வேண்டும், தாவவும் வேண்டும், திறந்த வெளியில் பாயவும் வேண்டும் என்பவர்களுக்கு ஈவென்டிங். படை அதிகாரிகளின் குதிரைகளைச் சோதிக்கப் பிறந்தது இது. அணிவகுப்பில் அடங்கி நிற்குமா, போர்க்களத்தில் பாயுமா, மறுநாளும் களைக்காமல் தாவுமா என்று பார்த்தார்கள். அந்த மூன்றும் இன்று மூன்று கட்டங்கள். குறுக்குவெளிக் கட்டத்தில் மேல்மட்டக் குதிரைகள் நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகத்தில் ஓடி மரக்கட்டை, பள்ளம், நீர்நிலை எல்லாவற்றையும் கடக்க வேண்டும். ஜம்பிங் கம்பு தட்டினால் விழும். இங்குள்ள தடைகளில் பல அசையாது. சில தடைகளில் மட்டும் பலமாக மோதினால் கழன்றுகொள்ளும் முளைகளை இப்போது பொருத்துகிறார்கள். குதிரை விளையாட்டுகளில் உயிராபத்து மிகுந்தவற்றுள் இது ஒன்று. இதை லேசாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

இதன் தவறுக் கணக்கைப் புரிந்துகொள்ள பெங்களூருவின் ஃபவாத் மிர்சாவின் டோக்கியோ ஒலிம்பிக்கைப் பாருங்கள். டிரெஸ்ஸாஜில் 28.00 அபராதம், மிக நல்ல தொடக்கம். குறுக்குவெளியில் ஒரு தடையிலும் பிழை இல்லை. ஆனால் நிர்ணயித்த நேரத்தைத் தாண்டி 28 வினாடி ஆனது. வினாடிக்கு 0.4 வீதம் 11.20 சேர்ந்தது. ஜம்பிங்கில் இரண்டு கம்பு விழ, இன்னொரு 8. அப்படியும் தனிநபர் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்து 23ஆவது இடத்தில் முடித்தார். ஒரு கட்டத்தில் சேர்த்தது இன்னொரு கட்டத்தில் கரையும். மூன்று துறையிலும் சிறந்தவராக இருக்கத் தேவையில்லை, மூன்றிலும் உடைந்துபோகாதவராக இருக்க வேண்டும். டிரெஸ்ஸாஜையும் ஜம்பிங்கையும் இரண்டு ஆண்டாவது பழகும்வரை, அசையாத தடையை எந்தப் பயிற்சியாளர் காட்டினாலும் மறுத்துவிடுங்கள்.

என்டியூரன்ஸ் எனப்படும் தொலைதூர ஓட்டத்தில் தவறு தாமதமாகத்தான் தெரியும். சர்வதேசப் போட்டியின் பெரிய தூரம் 160 கிலோமீட்டர். இடையிடையே கால்நடை மருத்துவர் நிற்பார். குறித்த நேரத்துக்குள் குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்கியாக வேண்டும். நொண்டினாலும் போட்டி அத்தோடு முடிந்தது. முதல் 30 கிலோமீட்டரில் உற்சாகத்தில் கொஞ்சம் விரட்டியிருப்பீர்கள். அதற்கான விலையை நூறாவது கிலோமீட்டரில் குதிரை கொடுக்கும். 1955இல் கலிஃபோர்னியாவில் வெண்டல் ரோபி தொடங்கிய டெவிஸ் கோப்பை ஓட்டத்தில் 100 மைலை 24 மணி நேரத்துக்குள் முடித்தாலே பெருமை. செங்குத்தான ஏற்றத்தில் இறங்கிக் குதிரையோடு சேர்ந்து நடப்பவர்களும் உண்டு. போட்டி வெறி இல்லாத, ஆனால் குதிரையின் காலைத் தடவித் தடவிச் சூடு பார்க்கும் வழக்கம் உள்ளவர்களை நான் இங்கேதான் அனுப்புவேன்.

டென்ட் பெக்கிங் நம் நாட்டுப் படையில் ஊறிய ஆட்டம். பாயும் குதிரையிலிருந்து ஈட்டியால் தரையில் நட்ட மர முளையைக் குத்தி எடுக்க வேண்டும். முளையின் அகலம் 6 சென்டிமீட்டர், ஓட்டமோ சில வினாடி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா குதிரையேற்றத்தில் வென்ற 3 தங்கங்களில் ஒன்று இதில் வந்தது. காசு இல்லாத கல்லூரி மாணவர்கள் என்.சி.சி.யின் ரீமவுண்ட் அண்ட் வெட்டரினரி பிரிவை விசாரித்துப் பாருங்கள். குதிரை ஏறக் கற்க நான் அறிந்த மலிவான நல்ல வழி அது. போலோவுக்கு ஆள் சேர வேண்டும், ஒரே ஆட்டத்தில் மாற்றி மாற்றி ஏறப் பல குதிரை வேண்டும், மட்டையை வலக்கையில்தான் பிடிக்க வேண்டும். வாய்ப்பு இருந்தால் ஆடுங்கள், இல்லையென்று ஏங்க வேண்டாம். அமெரிக்க மாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த வெஸ்டர்ன் பாணியை, ஒரு கையில் கடிவாள வார் பிடித்துக் கழுத்தில் உரசித் திருப்புவதை, இங்கே முறையாகக் கற்றுத்தரும் இடங்கள் குறைவு.

இவ்வளவு யோசித்தாலும் பாதி முடிவு குதிரையுடையது. 1956இல் அமெரிக்காவில் ஹாரி டி லேயர் என்பவர் கசாப்புக்குப் போகவிருந்த ஒரு வெள்ளைப் பண்ணைக் குதிரையை 80 டாலருக்கு வாங்கிப் பிறகு பக்கத்துப் பண்ணைக்கு விற்றார். அது வேலியைத் தாண்டித் தாண்டி அவரிடமே திரும்பி வந்தது. ஸ்னோமேன் என்ற அந்தக் குதிரை இரண்டே ஆண்டில் தேசிய அளவில் ஜம்பிங் சாம்பியன்.

எனக்கு வாய்த்தது ஒரு செவலைப் பெண் குதிரை, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றது. பந்தயக் குதிரைக்கு வாரில் இறுக்கம் வந்தால் ‘ஓடு’ என்று அர்த்தம். அப்படித்தான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தடையைக் கண்டதும் செவலை வேகமெடுக்கும், நான் பயந்து வாரை இழுப்பேன், அது இன்னும் வேகமெடுக்கும். மூன்று மாதத்தில் நான்கு முறை விழுந்தேன். நான்காம் முறை விழுந்து மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது அது ஓடிப்போகாமல் பக்கத்திலேயே நின்று, உடல் நடுங்க, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குதிரையைப் பராமரிக்கும் எங்கள் சைஸ் வந்து அதன் கழுத்தில் கை வைத்து, “இதுக்கு என்ன கேக்குறீங்கன்னே புரியல சார்” என்றார்.

அடுத்த வாரம் தடைகளை ஓரம் தள்ளிவிட்டு 20 மீட்டர் வட்டத்தில் இறங்கினோம். வாரை இழுப்பதற்குப் பதில் மூச்சை விட்டு, இடுப்பைக் கனமாக்கிப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, அரை வட்டத்தில் செவலையின் ஒரு காது என் பக்கம் திரும்பியது. நடை மெல்ல நீண்டது. கையில் இருந்த பாரம் குறைந்தது. ஐந்தாறு அடிதான் இருக்கும், பிறகு மறுபடி அவசரம். முதல் போட்டியில் அந்த வட்டத்துக்கு எங்களுக்கு 5.5 கிடைத்தது. எதிரே நடுவர் ‘அவசரம்’ என்று எழுதியிருந்தார். அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.