லேத்து வீட்டுக்கு வருகிறது

பெங்களூரில் ஈஜிபுரா என்ற பகுதி இருக்கிறது. நெருக்கமான வீடுகள், குறுகலான தெருக்கள். தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு.

பெங்களூர் இயந்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். 1953-ல் இங்கேதான் எச்.எம்.டி. தொழிற்சாலை தொடங்கப்பட்டது. லேத்து போன்ற இயந்திரங்களை அது தயாரித்தது. தொழிற்சாலைகளில் வேலை பழகியவர்கள் சிலர் சொந்தமாகப் பட்டறை வைக்கிறார்கள். கடன் வாங்கிப் பழைய லேத்து ஒன்றை வாங்குகிறார்கள். வீட்டு முன்புற ஷெட்டில் வைக்கிறார்கள்.

ஆறு அடி லேத்தின் எடை ஏறத்தாழ 1000 கிலோ வரும். இருபது மூட்டை சிமெண்டின் எடை அது. சிமெண்டை ஒவ்வொரு மூட்டையாக இறக்கலாம். லேத்தை எப்படி இறக்குவது?

தலை கனம்

லேத்தின் அடிப்பாகம் குறுகல். கனம் மேலே இருக்கிறது. சக் இருக்கும் பக்கம் இன்னும் கனம். ஆகவே கொஞ்சம் சாய்ந்தாலும் கவிழ்ந்துவிடும். கவிழும் லேத்தைத் தாங்கிப் பிடிக்கப் போகாதீர்கள். விலகி ஓடுங்கள். உடைந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கலாம்.

டெயில் ஸ்டாக்கைக் கடைசிக் கோடிக்குத் தள்ளி இறுக்குங்கள். எடை ஓரளவு சமமாகும். லீட் ஸ்குரூ என்னும் நீண்ட திருகில் கயிறு கட்டாதீர்கள். அது வளைந்தால் பிறகு மரை சரியாக விழாது.

லாரியிலிருந்து இறக்கக் கிரேன் வைப்பதே நல்லது. தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா? அப்படியானால் கம்பி இல்லாத தெருமுனையில் இறக்குங்கள்.

வாசலில் சாக்கடை

பல வீடுகளின் முன்னால் சாக்கடை ஓடுகிறது. அதன்மேல் கல் மூடியிருக்கும். ஸ்கூட்டர் போகும் கல்தான். ஆனால் லேத்தைத் தாங்காது. கல் உடைந்தால் லேத்து சாயும், பக்கத்தில் நிற்பவர் அடியில் சிக்குவார். இரண்டு கனமான இரும்புச் சேனல்களைக் குறுக்கே போடுங்கள். முனைகள் இரு கரையிலும் கெட்டித் தரையில் நன்றாக ஏறியிருக்க வேண்டும். அப்போது எடை கல்லின் மேல் விழாது.

கடப்பாரையும் குழாயும்

அகலமாக வைத்த இரண்டு மரச்சட்டங்களின் மேல் லேத்தை நிறுத்திப் போல்ட் போடுங்கள். இனி சட்டத்தின் அடியில் குழாய் வைக்க வேண்டும். அதற்குக் கடப்பாரை போதும்.

கடப்பாரையின் நீளம் 60 அங்குலம். நுனியிலிருந்து 5 அங்குலத்தில் அடியில் கட்டை வையுங்கள். கைப்பக்கம் 55 அங்குலம் இருக்கும். அது 5-ஐப் போல 11 மடங்கு. 30 கிலோ அழுத்தினால் 330 கிலோ கிளம்பும்! இரண்டு பேர் அழுத்தினால் 660 கிலோ. ஒரு பக்கத்தைத் தூக்க அது போதும். ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்காதீர்கள். தூக்கியதும் மரக்கட்டை செருகுங்கள். அடியில் கை வைக்கவே கூடாது.

ஒரே பருமனுள்ள நான்கு குழாய்கள் வேண்டும். பின்னால் வெளிவரும் குழாயை எடுத்து முன்னால் போடுங்கள். மூன்று குழாய்களாவது எப்போதும் அடியில் இருக்கட்டும். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுவார்கள் அல்லவா? சரிவில் அப்படி ஓர் ஆள் கட்டையோடு நிற்க வேண்டும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்கட்டும்.

ஷெட்டில் கெட்டியான கான்கிரீட் தரை தேவை. ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். சில நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். பழைய லேத்துகளில் பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டார் இருக்கும். வீட்டு இணைப்பு ஒரு பேஸாக இருந்தால் அது ஓடாது. இதை வாங்கும் முன்பே கேளுங்கள்.

கணக்குப் போடுங்கள்

அதே கடப்பாரை. கட்டையை 10 அங்குலத்தில் வைத்தால், 30 கிலோ அழுத்தத்துக்கு எத்தனை கிலோ கிளம்பும்?