வன்தட்டும் ஏட்டுச் சுவடியும்

பனையோலை அழியுந் தன்மையது. செல்லும் ஈரமும் அதனைச் சில தலைமுறைகளுள் உண்டுவிடும். ஆதலின் நம் முன்னோர், ஓலை இற்றுப்போகுமுன்னரே அதிலுள்ளதைப் புத்தோலையிற் பெயர்த்தெழுதி வைத்தனர். அவ்வாறு எழுதப்பட்ட நூல்கள் நின்றன, எழுதப்படாதன இறந்தன. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியையும் 1887ஆம் ஆண்டில் அச்சேற்ற முடிந்தமை, இங்ஙனம் எஞ்சிய படிகளைத் தேடிப் பெற்றதன் பயனேயாம்.

இப்பாடத்தை மாணவர்க்குப் பலகாலம் போதித்த யான், அதனைப் பிறகொரு நாள் மடிக்கணினி ஒன்றனிடத்துக் கற்க நேர்ந்தது. நாவலப்பிட்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் முதியோர் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் சில ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்து அதிற் சேர்த்து வைத்திருந்தேன். மழைக்குப் பேர்போன நம்மூரில், ஓரிரவு கூரையினின்று ஒழுகிய நீர் அதன்மேல் வீழ்ந்தது. திருத்துவோர், தாய்ப்பலகை பழுதாயிற்று என்றும், திருத்துஞ் செலவிற் புதியதே வாங்கலாம் என்றும் கூறினர். கணினியின் விலை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. பாடியோருள் மூவர் அதற்குள் காலமாகியிருந்தனர். அவர்தம் குரலுக்கு வேறு படி இல்லை. படியெடுத்தலின் சிறப்பைப் போதித்த ஆசிரியனே படியெடாதிருந்தான்!

அப்பொழுது உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், லப்டொப் பழுதானாலும் உள்ளுக்கு இருக்கிற வன்தட்டு நல்லா இருக்கலாம்" என்றான். அவன் கூற்று மெய்யாயிற்று.

வன்தட்டு என்பது யாது? காந்தப்பூச்சுடைய தட்டுகள் சுழல, அவற்றின்மேல் ஒரு சிறு முனை எழுதியும் வாசித்தும் நிற்குங் கருவியே அது. 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அது கொண்டதோ ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துகளே. இன்று மடிக்கணினியினுள் உள்ளங்கையளவாய் இருக்கும் 500 கிகாபைட் தட்டு, அதனிலும் ஓர் இலட்சம் மடங்கு கொள்ளும். தட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி, மனித மயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கினுங் குறைவு. ஒரு தூசும் அங்கே மலையாகும். ஆகவே வன்தட்டின் மூடியை எக்காலத்தும் திறத்தலாகாது.

இனி, அதனை வெளியே எடுக்கும் முறையைக் கூறுவாம். முதலில் மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்குக. பின்புறத் திருகாணிகளைக் கழற்றித் தட்டினை அதன் செருகியினின்று நேராக இழுத்தெடுக்க. நனைந்திருப்பின் நன்கு உலருமுன் மின்சாரம் ஏற்றற்க. பின்னர் 'கேசிங்' எனப்படும் வெளியுறையில் இட்டு, யூ.எஸ்.பி. வடத்தால் வேறொரு கணினியோடு இணைக்க. மடிக்கணினித் தட்டிற்கு வடம்வழி வரும் 5 வோல்ற்று மின்சாரமே பெரும்பாலும் போதும். பழைய தட்டுகளின் செருகி வேறு, பின்வந்த சாட்டா செருகி வேறு. பார்த்தே உறையை வாங்குக. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அதனைக் கழற்றல் இயலாது. மறைகுறியாக்கஞ் செய்த தட்டாயின் அதன் திறவுசொல்லும் வேண்டும்.

இணைத்தவுடன் கணினி, 'தட்டினை வடிவமைக்கவா?' என வினவினால் உடன்படற்க. உடன்பட்டால் உள்ளவற்றை இழக்க நேரும். 'டக், டக்' என்னும் ஓசை கேட்பின் உடனே நிறுத்தி வல்லாரிடம் ஒப்படைக்க. நலமாயிருப்பின், மறுபடி கிடைத்தற்கரியனவற்றை முதலிற் படியெடுக்க; ஏனையவற்றைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.

படியெடுத்த பின்னரே தட்டினைச் சோதித்து, வடிவமைத்து, மீளப் பயன்படுத்தலாம். பிறர்க்குக் கொடுப்பதாயின் மற்றொரு கடமையும் உண்டு. கோப்புகளை நீக்குவது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. உள்ளே பக்கங்கள் கிடக்கும். எனவே தட்டு முழுவதும் மேலெழுதியே கொடுத்தல் வேண்டும். பழந்தட்டு ஒன்றை விலைக்கு வாங்கினோர், அதில் எஞ்சிய பிறர் கடிதங்களை வாசியாதிருத்தலும் கற்றோர்க்கு அழகாம்.

என் ஒலிப்பதிவுகளுள் பெரும்பாலன மீண்டன. எனினும் ஒரு பாட்டியின் தாலாட்டு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. எஞ்சிய பகுதியைத் தட்டு தரவில்லை. அதனைப் பாடிக்காட்ட இன்று அவரும் இல்லை. இப்பொழுது அத்தட்டு ஈரம் உறிஞ்சும் மணிகளோடு ஒரு பெட்டியில் இருக்கின்றது. ஆயினும் அது இரண்டாம் படியே. மற்றொரு படி வேறொரு வீட்டில் உள்ளது. முதுமையடைந்த தட்டினை ஒரே காவலனாக நம்புதல் தகாது.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறு படியில்லாச் சுவடிகளும் சாம்பராயின. 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துக் காத்துவருதல் அவ்விழப்பை உணர்ந்தார்க்கு ஆறுதலாகும்.

பழைய மாணவர்காள்! உங்கள் அலுமாரியிலும் பழுதான மடிக்கணினி ஒன்று உறங்கக்கூடும். அதனுள்ளே தந்தையாரின் குரலோ, நம் கல்லூரி விழாவின் நிழற்படங்களோ இருத்தல் கூடும். பழைய இரும்பு வாங்குவோரிடம் அதனைக் கொடுக்குமுன், ஒரு திருப்புளியையும் ஒரு மாணவனையும் துணைக்கழையுங்கள். ஓலை இற்றபின் எழுத்தாணியால் யாது பயன்?