கடலடிச் சேறு சொல்லும் வரலாறு

மரத்தின் வயதை அறிய அதன் அடிமரத்தில் உள்ள வளையங்களை எண்ணுவார்கள். ஆனால், ஒரு பனியாறு எந்தக் காலத்தில் சுருங்கத் தொடங்கியது என்பதை எவ்வாறு அறிவது? உருகிய பனி நீராகிக் கடலில் கலந்துவிடுகிறது. அது சுவடு எதையும் விட்டுச் செல்வதில்லை என்றே நமக்குத் தோன்றும். உண்மையில், பனியாறு ஒரு சாட்சியை விட்டுச் செல்கிறது. கடலின் அடியில் படிந்துள்ள சேறுதான் அந்தச் சாட்சி.

துருவப் பகுதிகளில் பெய்யும் பனி உருகாமல் பல்லாண்டுகளாகக் குவிகிறது. அது இறுகிப் பனிக்கட்டியாகித் தன் எடையாலேயே மெல்ல நகர்கிறது. இவ்வாறு நகரும் பனிக்கட்டியையே பனியாறு என்கிறோம். மேற்கு அண்டார்க்டிகாவில் உள்ள பைன் தீவுப் பனியாறு அவற்றுள் ஒன்று. அது அமுண்ட்சென் கடலை நோக்கி நகர்கிறது. அதன் பெரும்பகுதி தரையின்மீது அழுந்தி நிற்கிறது. முனைப்பகுதி மட்டும் கடல்நீரில் மிதக்கிறது. மிதக்கும் அந்தப் பகுதியைப் பனித்தட்டு என்பர்.

தரை தட்டிய கப்பல் எளிதில் நகராது. பனியாறும் அப்படித்தான். கடலடியில் உள்ள மேடு ஒன்றில் அது அழுந்தி நிற்கும்வரை, பின்னால் இருக்கும் பனிக்கட்டி விரைந்து கடலுக்குள் வர முடியாது. அந்தப் பிடி விட்டுப்போனால் பனியாற்றின் வேகம் கூடும்; பனிக்கட்டியின் தடிமன் குறையும்.

பைன் தீவுப் பனியாறு மெலிந்து பின்வாங்குவதைச் செயற்கைக்கோள்கள் தெளிவாகக் காட்டியுள்ளன. 2009ஆம் ஆண்டில் 'ஆட்டோசப்' என்னும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவி பனித்தட்டின் அடியில் சென்று ஆராய்ந்தது. அங்கே கடலடியில் நீண்ட மேடு ஒன்று இருப்பது தெரியவந்தது. பனியாறு முன்பு அந்த மேட்டின்மேல் அழுந்தி நின்றிருக்கிறது. எனினும், அது எப்போது அந்த மேட்டைவிட்டு விலகத் தொடங்கியது? அதற்கான விடையைச் செயற்கைக்கோள்களால் தர இயலவில்லை. அவை விண்ணுக்குச் செல்வதற்கு முன்பே அந்த விலகல் தொடங்கிவிட்டதோ என்ற ஐயம் எழுந்தது.

அந்த ஐயத்தைத் தீர்க்க, பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித்தும் பன்னாட்டு ஆய்வாளர்களும் முயன்றனர். 2012ஆம் ஆண்டின் இறுதியிலும் 2013ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பனித்தட்டின்மேல் முகாமிட்டு வேலை நடந்தது. அங்குப் பனிக்கட்டியின் தடிமன் ஏறத்தாழ 450 மீட்டர். கொதிநீரைப் பீய்ச்சி அதில் குறுகலான துளையிட்டனர். துளைக்குக் கீழே ஏறத்தாழ 500 மீட்டர் ஆழத்திற்குக் கடல்நீர் இருந்தது. அதனையும் தாண்டிக் குழாய்களை இறக்கிக் கடலடிச் சேற்றில் செருகினர். குழாயை மேலே இழுத்தபோது, சேறு படிந்த வரிசை குலையாமல் உருளை வடிவில் வந்தது.

சேறு அடுக்கடுக்காகப் படிவதால், கீழே இருப்பது பழையது. மேலே இருப்பது புதியது. பனியாறு தரையில் அழுந்தி நின்ற காலத்தில், அது அரைத்துத் தள்ளிய மணலும் சிறு கற்களும் கலந்து படிந்தன. பனியாறு தரையைவிட்டு எழும்பிக் கடல்நீர் உள்ளே புகுந்த பிறகு, நீரோட்டம் சுமந்து வந்த நுண்ணிய துகள்கள் மெல்லப் படிந்து மென்மையான சேறாயின. ஆகவே, கரடுமுரடான அடுக்கு முடிந்து மென்மையான அடுக்கு தொடங்கும் இடமே, பனியாறு தரையைவிட்டு எழும்பிய காலத்தைக் குறிக்கும்.

அந்த அடுக்கின் வயதை எவ்வாறு கணிப்பது? அதற்குக் கதிரியக்கம் கைகொடுத்தது. இயற்கையில் காணப்படும் காரீயம்-210 என்னும் ஐசோடோப்பு ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஓர் அடுக்கில் அது எவ்வளவு எஞ்சியுள்ளது என அளந்தால், அந்த அடுக்கு படிந்து எத்தனை ஆண்டுகள் ஆயின எனக் கணக்கிடலாம். புளுட்டோனியமும் உதவியது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் அது காற்றில் கலந்து, உலகின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. யாரும் நிலையாகக் குடியிருக்காத அண்டார்க்டிகாவின் கடலடியிலும் மனிதனின் அந்தச் செயல் தன் தடத்தைப் பதித்துவிட்டது! அதுவே சேற்றின் வயதைச் சரிபார்க்க உதவும் அடையாளமாகவும் அமைந்தது.

ஆய்வின் முடிவுகள் 2016ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் வெளியாயின. 1940களின் நடுப்பகுதியில் அந்த மேட்டிற்குப் பின்னால் கடல்நீர் புகுந்திருக்கிறது. ஏறத்தாழ 1970ஆம் ஆண்டில் பனியாறு மேட்டைவிட்டு முழுமையாக விலகியிருக்கிறது. 1939 முதல் 1942 வரை வலிமையான 'எல் நினோ' நிகழ்வு ஏற்பட்டது. பசிபிக் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதியில் தோன்றும் அந்த வெப்பம், தொலைவில் உள்ள அண்டார்க்டிகாவின் காற்றோட்டத்தையும் மாற்றக்கூடியது. அதனால், சற்றே வெப்பமான ஆழ்கடல்நீர் பனித்தட்டின் அடிப்பகுதியை அடைந்து அதனை உருக்கியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினர்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எல் நினோ சில ஆண்டுகளில் ஓய்ந்துவிட்டது. ஆனால், பனியாறு தன் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை, பின்வாங்கிக்கொண்டே போனது. மேட்டின் பிடி ஒருமுறை தளர்ந்த பிறகு, தளர்த்திய காரணம் மறைந்தாலும் விளைவு மறையவில்லை.

இது பைன் தீவுப் பனியாற்றுக்கு மட்டும் நேர்ந்ததா? அதன் அண்டையில் துவைட்ஸ் பனியாறு உள்ளது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் அகலமுள்ள அது, உலகிலேயே மிக அகலமான பனியாறாகக் கருதப்படுகிறது. அதன் அருகே கடலடியில் எடுத்த சேற்றையும் ஆய்வாளர்கள் இதே முறையில் ஆராய்ந்தனர். 2024ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வு, துவைட்ஸும் 1940களில்தான் பின்வாங்கத் தொடங்கியது எனக் காட்டியது. அண்டையிலுள்ள இரு பனியாறுகளும் ஒரே காலத்தில் பின்வாங்கியிருந்தால், குறை ஏதோ ஒரு பனியாற்றில் இருக்க முடியாது. இரண்டையும் ஒருசேரத் தாக்கிய கடல்நீரும் காற்றுமே அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

துவைட்ஸ் பனியாறு முழுவதும் கரைந்தால், உலகின் கடல்மட்டம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரும் என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. அதற்கு நெடுங்காலம் ஆகலாம். எனினும், உயரும் கடல் தாழ்வான கரையோரங்கள் எதையும் விட்டுவைக்காது. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்திலேயே உள்ளது.

வருங்காலத்தில் கடல் எவ்வளவு உயரும் என்பதைக் கணினிகளைக் கொண்டு கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பு சரியானதா என்பதை எப்படிச் சோதிப்பது? கடந்த காலத்தில் உண்மையில் நடந்ததை அது சரியாகச் சொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே வழி. அதற்கு வேண்டிய சான்று, பனிக்கட்டிக்கும் கடல்நீருக்கும் அடியில், சில சென்டிமீட்டர் தடிமனுள்ள சேற்று அடுக்குகளில் இருக்கிறது. அதனால்தான் ஆய்வாளர்கள் கடுங்குளிரையும் பொருட்படுத்தாமல் அங்குச் சென்று, ஒரு குழாய்ச் சேற்றைப் பொன்போல் காத்துக் கொண்டுவருகிறார்கள்.